27,729 பேரின் கணக்கு

அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா ரத்தத்திலோ மூட்டிலோ எலும்பிலோ மூளையுறையிலோ இறங்கியதால் நோயில் விழுந்த பெரியவர்கள் 27,729 பேர். கர்ப்பிணிகள் இந்த எண்ணிக்கையில் இல்லை. இறந்தவர்கள் 1,541 பேர். ஒவ்வொருவராக எண்ணிச் சேர்த்த தொகை அல்ல இது. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, பத்து மாநிலங்களில் நடத்தும் கண்காணிப்பில் கிடைத்ததை நாடு முழுமைக்கும் விரித்துப் போட்ட மதிப்பீடு. விகிதமாகச் சொன்னால் லட்சம் பெரியவர்களுக்கு 10.9 பேர்.

இந்தக் கிருமியின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் பிரசவத்தை ஒட்டித்தான் கேட்டிருப்பார்கள். தாயின் பிறப்புப் பாதையிலிருந்து குழந்தைக்குத் தொற்றி, பிறந்த ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் பரவிக் கொல்லும் கிருமி என்பதே அதன் பழைய பெயர். அந்தப் பெயருக்குத் தக்க எண்ணிக்கையும் ஒரு காலத்தில் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 1.8 பேருக்கு முதல் வாரத்திலேயே இந்த நோய் வந்தது. 1990-இல் பிறந்தவர்கள் ஏறக்குறைய 41.6 லட்சம், கணக்குப் போட்டால் 7,500 குழந்தைகள். அதே ஆண்டில் கர்ப்பிணி அல்லாத பெரியவர்களிடம் விகிதம் லட்சத்துக்கு 3.6. அன்றைய பெரியவர் தொகை சுமார் 18.5 கோடி என்பதால் 6,700 பேருக்குச் சற்றுக் குறைவு. ஆக, அன்று குழந்தைகள் பக்கமே கனத்தது.

பிறகு நடந்தது பொதுச் சுகாதார வரலாற்றில் சொல்லிக்கொள்ளும்படியான ஒரு வெற்றி. 1996-இல் தடுப்பு நெறிமுறை வந்தது. 2002-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 35 முதல் 37 வாரத்துக்குள் பரிசோதனை என்று அது விரிந்தது. பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பார்கள். கிருமி இருந்தால் வலி எடுத்தபின் 50 லட்சம் யூனிட் பெனிசிலின் நரம்பில் ஏற்றி, பிரசவம் முடியும்வரை நான்கு மணிக்கொருமுறை 25 முதல் 30 லட்சம் யூனிட் கொடுப்பார்கள். 2015-இல் முதல் வார நோய் 1,000-க்கு 0.23 ஆகக் குறைந்தது. ஒரு வாரத்துக்குப் பின் வரும் நோய் மட்டும் 0.31-இலேயே நின்றுவிட்டது, பிரசவ நேர மருந்து அதை எட்டுவதில்லை. ஆண்டுக்கு 40 லட்சம் பிரசவம், நான்கில் ஒரு தாயிடம் கிருமி என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் பெண்களுக்கு மருந்து ஏற்றி 6,300 குழந்தைகளை நோயிலிருந்து விலக்குகிறார்கள். ஒரு குழந்தைக்கு 160 தாய்மார். மலிவான மருந்து, சில மணி நேரம், ஏற்கெனவே மருத்துவமனையில் இருக்கும் ஆள். இதைவிடச் சிக்கனமான தடுப்பு அபூர்வம்.

2015-இல் குழந்தைகளின் இரண்டு கணக்கையும் கூட்டினால் சுமார் 2,150 வரும். அடுத்த ஆண்டின் பெரியவர் கணக்கு 27,729. ஏறக்குறைய 13 மடங்கு. கால் நூற்றாண்டில் நோய் பக்கம் மாறிவிட்டது; அதன் பெயர் மட்டும் இன்னும் பிரசவ அறையிலேயே இருக்கிறது.

பெரியவர்களிடம் இது கூடிவந்த விதத்தைப் பல ஆய்வுகள் பின்தொடர்ந்திருக்கின்றன. அட்லாண்டா மாநகரப் பகுதியில் 1989, 1990 இரண்டாண்டுகளில் வந்த எல்லா நோயாளிகளையும் மோனிகா ஃபார்லி தலைமையிலான குழு திரட்டி 1993-இல் வெளியிட்டது. அந்த ஊரில் விகிதம் 4.4. கண்காணிப்புப் பகுதிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1990-இல் 3.6, 2007-இல் 7.3, 2008-இல் 8.1, 2016-இல் 10.9. இடையில் எங்கும் பெரிய இறக்கம் இல்லை.

இறப்பு வேறு விதமாக நகர்ந்தது. அட்லாண்டாவில் விவரம் கிடைத்த 140 பேரில் 21 சதவீதத்தினர் இறந்தார்கள். 2016 மதிப்பீட்டில் இறந்தவர்கள் 5.6 சதவீதம். இதைப் பார்த்ததும் மருத்துவம் நான்கு மடங்கு முன்னேறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் நோயாளிகளை விட்டுவிட்டு மக்கள்தொகையை வைத்து வகுத்துப் பாருங்கள். 4.4-இல் 21 சதவீதம் என்றால் லட்சத்துக்கு 0.92 இறப்பு. 2016-இல் 25.4 கோடிப் பெரியவர்களுக்கு 1,541 இறப்பு என்றால் லட்சத்துக்கு 0.61. ஒன்று ஒரே நகரம், மற்றது முழு நாடு. ஒட்டிப்பார்ப்பதில் கொஞ்சம் இடறல் உண்டு. இருந்தாலும் படம் தெளிவு. நோய் வந்தவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகச் சுருங்கியும், நாட்டின் இறப்பு விகிதத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குதான். மீதியை நோயாளிகளின் பெருக்கம் விழுங்கிவிட்டது.

யார் இவர்கள்? 2008 முதல் 2016 வரை கண்காணிப்பில் சிக்கிய 21,250 பேரின் நடு வயது 64. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள், 53 சதவீதம் அளவில், சர்க்கரை நோயாளிகள். கிட்டத்தட்ட அதே அளவினர் உடற்பருமன் உள்ளவர்கள். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள் நிறைய. வேறு எந்த நோயும் இல்லாமல் இதில் மாட்டியவர்கள் மிகச் சிலர்.

அந்த 53 சதவீதத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. அமெரிக்கப் பெரியவர்களில் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 10 சதவீதம், அதாவது 2.54 கோடி. 27,729-இல் 53 சதவீதம் 14,700. எனவே சர்க்கரை நோயாளிகளிடம் விகிதம் லட்சத்துக்கு 58. மீதி 22.9 கோடிப் பேரிடம் 13,000 நோயாளிகள், லட்சத்துக்கு 5.7. பத்து மடங்கு வித்தியாசம். இது என் தோராயக் கணக்கு. அட்லாண்டா ஆய்வு வேறு வழியில், வேறு காலத்தில் கண்ட எண் 10.5 மடங்கு. இரண்டும் இவ்வளவு நெருங்கி வருவதால், சர்க்கரைக்கும் இந்தக் கிருமிக்கும் உள்ள உறவு இந்தக் கால் நூற்றாண்டில் அவ்வளவாக மாறவில்லை என்று சொல்லலாம். மாறியது சர்க்கரை நோயாளிகளின் தொகைதான். புற்றுநோயாளிகளுக்கு அட்லாண்டாக் கணக்கு 16 மடங்கு.

கிருமி எங்கோ வெளியிலிருந்து வருவதில்லை. நான்கில் ஒரு பெரியவரின் குடலிலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ அது சத்தமில்லாமல் குடியிருக்கிறது. சர்க்கரையால் உணர்ச்சி மரத்த பாதத்தில் செருப்பு உரசி வெடித்த தோல், வீங்கிய கால், நாள்பட்டுக் கிடப்பவரின் படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய் ஆகியவை அதற்கு வாசல்கள். அட்லாண்டா நோயாளிகளில் 36 சதவீதத்தினருக்குத் தோல், தசை அல்லது எலும்பில் தொற்று. 30 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் கிருமி இருந்தது, ஆனால் எங்கிருந்து நுழைந்தது என்பதே பிடிபடவில்லை. சிறுநீர் வழி 14, நிமோனியா 9, வயிற்று உறை 7 சதவீதம். மூளைக்காய்ச்சலும் இதய வால்வுத் தொற்றும் எண்ணிக்கையில் சிறியவை. வந்தால் செலவில் பெரியவை.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். கண்காணிப்பில் ஒருவர் எண்ணப்பட, வழக்கமாகக் கிருமியே இல்லாத இடத்திலிருந்து, அதாவது ரத்தம், தண்டுவட நீர், மூட்டு நீர், எலும்பு போன்றவற்றிலிருந்து இது வளர்ந்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் சாம்பல் வெள்ளைப் புள்ளிகளாக வளரும். சுற்றி மெல்லிய தெளிந்த வளையம் தெரியும். அதே தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸைக் கோடாக இழுத்து, அதற்குச் செங்குத்தாக இதை இழுத்துவைத்தால், மறுநாள் இரண்டும் நெருங்கும் இடத்தில் ரத்தம் அம்பு முனை வடிவில் கரைந்திருக்கும். 1944-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சோதனை. இன்றும் அடையாளம் காண உதவுகிறது. ஆனால் இதே அம்பு முனை, காலிலிருந்த புண்ணின் சீழிலோ சிறுநீரிலோ எடுத்த மாதிரியில் தெரிந்தால் அந்த நோயாளி பட்டியலில் ஏறமாட்டார். அவர் பத்து நாள் மருத்துவமனையில் கிடந்திருந்தாலும் ஏறமாட்டார். எனவே 27,729 என்பது இந்தக் கிருமியின் முழு வேலைக்கான எண் அல்ல. அதன் கடுமையான முனை மட்டும்.

இனி மருந்து. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டு இவ்வளவு காலம் ஆகியும் இந்தக் கிருமிக்கு முதல் மருந்து அதுதான். அமெரிக்காவில் கடும் தொற்றுகளிலிருந்து எடுத்த கிருமிகள் பெனிசிலினுக்கு இன்னும் மடங்கியே வருகின்றன. ஆனால் ஜப்பானில், 1995 முதல் 2005 வரை சேர்த்துவைத்த மாதிரிகளில், கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வகை இருப்பது 2008-இல் வெளியானது. மடங்கும் என்றாலும், தொண்டை வலி தரும் குரூப் ஏ வகையைக் கொல்வதைவிட இதைக் கொல்ல அதிகச் செறிவு தேவை. அளவைப் பாருங்கள். ரத்தத் தொற்றுக்கும் தோல் தொற்றுக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 1.2 கோடி யூனிட், பத்து நாள். 10 லட்சம் யூனிட் பெனிசிலின் 0.6 கிராம் எடை. ஆக நாளுக்கு 7.2 கிராம், மொத்தம் 72 கிராம். மூளைக்காய்ச்சலுக்கு நாளுக்கு 2.4 கோடி யூனிட், குறைந்தது 14 நாள், 200 கிராம். இதய வால்வில் ஏறிவிட்டால் நான்கு முதல் ஆறு வாரம், முதல் இரண்டு வாரம் ஜென்டாமைசினும் சேரும். அதே 2.4 கோடி யூனிட்டை 42 நாள் ஏற்றினால் 605 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் பெனிசிலின், ஒரே ஆளின் நரம்பு வழியாக.

அதைவிட நெருக்கடி நேரம். பெனிசிலின் ரத்தத்தில் அரை மணிக்கொருமுறை பாதியாகக் குறையும். சிறுநீரகம் அவ்வளவு வேகமாக வெளியேற்றிவிடுகிறது. அதனால் நான்கு மணிக்கொருமுறை கொடுத்தாக வேண்டும். ஆறு வாரத்தில் 252 தவணை. நள்ளிரவும் விடியற்காலையும் அதில் அடக்கம். நர்ஸ் பாட்டிலை மாற்றும் ஒவ்வொரு முறையும் கவனிக்க வேண்டிய இன்னொரு சரக்கு பொட்டாசியம். பொட்டாசியம் உப்பாக வரும் பெனிசிலினில் 10 லட்சம் யூனிட்டுக்கு 1.7 மில்லிஈக்விவலண்ட் பொட்டாசியம் இருக்கும். நாளுக்கு 2.4 கோடி யூனிட் என்றால் 41, எடையில் 1.6 கிராம். சிறுநீரகம் தளர்ந்த சர்க்கரை நோயாளிக்கு அதுவே இதயத்தை நிறுத்தும் அளவுக்குப் போகலாம். இந்த நோய்க்கு ஆளாகிறவர் பெரும்பாலும் அந்தச் சர்க்கரை நோயாளியேதான். நடைமுறையில் பல மருத்துவர்கள் நாளுக்கொரு முறை போடும் செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்புவதன் காரணம் இதிலிருந்து புரியும்.

மருந்தின் விலை இந்தக் கணக்கில் சில்லறை. செலவு படுக்கையில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் ஓர் உள்நோயாளிக்கு ஒரு நாள் ஆகும் செலவு 2021 வாக்கில் சராசரியாக 2,800 டாலரைத் தாண்டியது. கண்காணிப்பில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள். 27,729 பேரும் ஒரே ஒரு நாள் படுத்தாலே 7.76 கோடி டாலர். பத்து நாள் மருந்தையும் படுக்கையிலேயே முடித்தால் 77 கோடிக்கு மேல். கால் எடுக்கும் அறுவை, வால்வு மாற்றம், அதன்பின் நடை பழகும் மாதங்கள், வேலையிழப்பு ஆகியவை இதில் சேரவில்லை. பிழைத்தவர்களில் சுமார் 4 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியதை 1990-களின் ஆய்வொன்று காட்டியது. 26,000 பேர் பிழைத்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி அதே படுக்கைக்கு.

பெனிசிலின் ஒவ்வாது என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு ஒரு தனிச் செலவு உண்டு. அமெரிக்கர்களில் சுமார் 10 சதவீதத்தினரின் கோப்பில் அப்படி எழுதியிருக்கிறது. சோதித்துப் பார்த்தால் உண்மையாக ஒவ்வாதவர் 1 சதவீதத்துக்கும் கீழே. சிறு வயதில் வந்த ஏதோ தடிப்பு, அம்மா சொன்ன நினைவு, கோப்பில் ஏறிய வரி. பிறகு யாரும் அழிப்பதில்லை. அவர்களுக்கு மாற்றாகத் தரப்பட்டுவந்த கிளிண்டாமைசினுக்கு இந்தக் கிருமி அடங்குவது குறைந்துவிட்டது. எதிர்ப்பு 2011-இல் 37 சதவீதம், 2016-இல் 43.2 சதவீதம். குழந்தைகளையும் சேர்த்து எல்லா வயதினரிடமும் கிளிண்டாமைசினுக்கு அடங்காத கடும் தொற்று ஆண்டுக்கு 13,000, இறப்பு 720 என்று சிடிசி 2019-இல் கணித்தது. 27,729 பேரில் பத்தில் ஒருவருக்குக் கோப்பில் அந்த வரி இருந்தால் 2,770 பேர். அவர்களில் 1,200 பேரிடம் கிளிண்டாமைசின் தண்ணீர் மாதிரி. கோப்பிலுள்ள ஒரு வரியை அரை நாள் சோதனையில் நீக்கிவிட முடியும் என்பதால், இந்த முழுக் கட்டுரையிலும் எளிதில் மீட்கக்கூடிய தொகை இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னது முதியவர், சர்க்கரை, பருமன் என்ற ஒரே சாயலில் போகும் கணக்கு. அதை உடைத்தது சிங்கப்பூர். அங்கே ஆண்டுக்குச் சராசரி 150 பேருக்கு இந்தக் கிருமி கண்டறியப்பட்டுவந்தது. 2015-இல் ஜூலை முடிவதற்குள்ளேயே 238. சேர்ந்தவர்களில் இளைய வயதினர், வேறு நோய் இல்லாதவர்கள் வழக்கத்தைவிட அதிகம். மூட்டில் சீழ், மூளைக்காய்ச்சல் என்று வந்தார்கள். மரபணுவைப் படித்தபோது பெரும்பகுதி ஒரே வகை என்று தெரிந்தது: மூன்றாம் உறை வகையில், எஸ்டி 283 என்ற மரபணு வகை. குறைந்தது 146 பேர்.

வழி, தட்டில் இருந்தது. அரிசிக் கஞ்சிக்குத் துணையாக, கண்ணாடிபோல் மெலிதாகச் சீவிய பச்சை மீன். மேலே இஞ்சி, மிளகாய், நல்லெண்ணெய், எலுமிச்சை. உணவங்காடிகளில் காலைப் பலகாரமாகவே சாப்பிடுவார்கள். மீன் இரண்டு வகை. 'சோங்' என்ற பெருந்தலைக் கெண்டை, 'தோமான்' என்ற விரால் இனம். இரண்டும் வளர்ப்புக் குளத்து நன்னீர் மீன்கள். ஜப்பானிய சாஷிமிக்கென்று தனியாகப் பிடித்துக் குளிரில் காக்கும் கடல் மீன் அல்ல. ஜூலையில் அந்த இரண்டையும் பச்சையாக விற்க வேண்டாம் என்று அரசு சொன்னது, எண்ணிக்கை இறங்கியது. டிசம்பரில் சமைக்காத நன்னீர் மீன் உணவு எல்லாவற்றின் விற்பனைக்கும் தடை வந்தது. உணவு வழியாக இந்தக் கிருமி பெரியவர்களிடம் கொள்ளை நோயாகப் பரவியது அதற்கு முன் எங்கும் பதிவாகவில்லை.

அதன்பின்தான் பழைய மாதிரிகளைத் தோண்டினார்கள். சிங்கப்பூருக்கு முன் உலகில் எஸ்டி 283 பதிவானது ஹாங்காங்கில் 20 பேரிடம், பிரான்ஸில் 2 பேரிடம், தாய்லாந்தில் ஒரு மீனிடம். டிமதி பார்க்கம் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கைவிரல் கணக்கைக் கலைத்துப் போட்டது. லாவோஸில் மனிதரிடமிருந்து எடுத்த 38 கிருமிகளில் 29 இதே வகை. தாய்லாந்தில் 139-இல் 102. வியட்நாமில் 13-இல் 4. சிங்கப்பூரில் 739-இல் 167. மலேசியாவிலும் வியட்நாமிலும் மீன் செத்து மிதந்த 14 இடங்களின் திலேப்பியாவில், சோதித்த 62-இலும் இந்த வகையோ அதன் கிளையோ இருந்தது; 62-க்கு 62. மாதிரிகளில் பழையது 1995-ஐச் சேர்ந்தது. தென்கிழக்காசியாவில் இருபதாண்டுகளாகக் குளத்துக்கும் தட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடந்துகொண்டிருந்ததை, ஒரே நகரத்தில் ஒரே அரையாண்டில் குவிந்ததால்தான் உலகம் கவனித்தது. சமைத்தால் சாகும் கிருமி என்பதால், இந்தப் பக்கத்தின் தடுப்புச் செலவு அடுப்பு எரிவதுதான்.

அமெரிக்கக் கணக்குக்கு அப்படி ஓர் அடுப்பு கிடையாது. பிரசவம்போல் முன்கூட்டித் தெரிந்த ஒரு நேரம் பெரியவர் வாழ்வில் இல்லை. நான்கில் ஒருவர் கிருமியோடு இருந்தால் 6.3 கோடிப் பேர். அவர்களில் ஆண்டுக்கு நோயில் விழுவது 2,300-இல் ஒருவர். எல்லோருக்கும் பெனிசிலின் கொடுத்தாலும் குடலில் கிருமி திரும்பி வந்துவிடும். கால் பரிசோதனை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புண்ணை உடனே காட்டுவது என்பவை எந்தக் கிருமிக்கும் பொருந்தும் வேலை. இதற்கென்று தனியாக ஒன்று வேண்டுமென்றால் தடுப்பூசிதான் மிஞ்சுகிறது.

கிருமியின் உறையில் பத்து வகை உண்டு. பெரியவர் நோயில் ஏறக்குறைய முழுவதற்கும் ஆறு வகைகளே பொறுப்பு. நான்காம் வகை மட்டும் 2008-இல் 4.7 சதவீதமாக இருந்து 2016-இல் 11.3 ஆக வளர்ந்திருக்கிறது. அந்த ஆறையும் உள்ளடக்கிய ஃபைசர் தடுப்பூசியைக் கர்ப்பிணிகளிடம் சோதித்த முடிவு 2023-இல் வந்தது. பெரியவர்களுக்குக் கொண்டுபோவதில் இடிப்பது மறுபடியும் அந்த 10.9 தான். 20,000 பெரியவர்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஊசியும் மறுபாதிக்கு வெறும் நீரும் போட்டு ஓராண்டு காத்திருந்தால், நீர் போட்ட பாதியில் நோய் வருவது ஒருவருக்கு. அந்த ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் லட்சத்துக்கு 58 என்ற கணக்கில் அதே பாதியில் ஆறு பேர். அறுபது பேர் சேர வேண்டுமானால் பத்தாண்டு காத்திருக்க வேண்டும், அல்லது 2,00,000 சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்க வேண்டும். அதனால்தான், நோய் வந்ததா என்று எண்ணாமல், ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் எவ்வளவு ஏறினால் போதும் என்று முன்கூட்டி ஓர் அளவுகோலை நிர்ணயித்து, அதை எட்டுகிறதா என்று பார்க்கும் வழியில் போகிறார்கள். குழந்தைகளுக்கான அளவுகோல் தாயிடமிருந்து தொப்புள்கொடி ரத்தத்தில் இறங்கும் அளவை வைத்துக் கணிக்கப்படுவது; 64 வயதுச் சர்க்கரை நோயாளியின் ரத்தத்துக்கு அதைத் தனியாகப் போட்டாக வேண்டும்.